செக்யூர் பூட் சரிபார்க்கும் ஷெல் ஸ்கிரிப்ட் பச்சை காட்டுகிறது, உள்ளே கையெழுத்தில்லாத டிரைவர் ஓடுகிறது

மிண்ட்_டெர்மினஸ் கேட்டது:

வணக்கம். தம்புச்செட்டித் தெரு ஆபீஸில் 14 டெஸ்க்டாப், மணலி யார்டில் 9, திருவொற்றியூரில் 3. எல்லாம் உபுண்டு; 22.04 பாதி, 24.04 பாதி. பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில் வாங்கி அசெம்பிள் செய்தவை. ஒவ்வொன்றிலும் செக்யூர் பூட் (டிஜிட்டல் கையெழுத்துள்ள மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் ஏற்பாடு) ஆன் ஆகியிருக்கிறதா, கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பாதுகாப்பு செட்டிங் சரியா என்று பார்க்க ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதி எஸ்எஸ்ஹெச் வழியாக (தொலைவிலிருந்தே) ஓட்டுகிறேன். ரிசல்ட்டை நம்ப முடியவில்லை.

கமாண்டு, பைல் பெயர் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன். டெர்மினலில் வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள்.

1. "மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்" (செக்யூர் பூட் நிலையைக் காட்டும் கமாண்டு) வெளியீட்டில் "எனேபிள்டு" என்ற சொல்லை கிரெப் செய்கிறேன் (தேடுகிறேன்). நாலு மெஷினில் அது கிடைக்கிறது, ஸ்கிரிப்ட் "சரி" என்கிறது. ஆனால் அதே நாலிலும் கையெழுத்தில்லாத டிஸ்ப்ளே டிரைவர் ஜம்மென்று ஏறியிருக்கிறது. /ப்ராக்/சிஸ்/கெர்னல்/டெய்ன்டெட் பைலில் (கெர்னலில் சந்தேகத்துக்குரியது ஏறியிருந்தால் குறித்துவைக்கும் பைல்) 12289 என்று இருக்கிறது.

2. லாக்டவுன் (அட்மின், அதாவது ரூட் கூட ஓடும் கெர்னலை மாற்ற முடியாதபடி பூட்டும் நிலை) பைலில் "இன்டெக்ரிட்டி" என்று தேடினால் 26-லும் கிடைக்கிறது. 26-லும் ஆன் ஆகியிருக்க வாய்ப்பே இல்லை.

3. இதையே மானிட்டரிங் டாக்கர் கன்டெய்னருக்குள் (மெஷினுக்குள் தனியாகப் பிரித்த சூழல்) ஓட்டினால் அந்த மெஷின் "பழைய பயாஸ்" என்கிறது. அது யுஈஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த புது முறை) மெஷின்தான்.

4. சிபியு வல்னரபிலிட்டி (ப்ராசஸரின் பாதுகாப்பு ஓட்டை) பகுதியில் ஏகப்பட்ட மெஷின் சிவப்பு.

5. "05-கடினம்.கான்ஃப்" என்று ஒரு பைலை சிஸ்சிடிஎல்.டி-யில் (கெர்னல் செட்டிங் பைல்களின் டைரக்டரி) போட்டு கேபிடிஆர்_ரெஸ்ட்ரிக்ட் (கெர்னல் முகவரிகளை மறைக்கும் செட்டிங்) 2 என்று எழுதினேன். ரீபூட்டுக்குப் பிறகு 1 தான் வருகிறது.

இது தவிர ஸ்கிரிப்ட் சில நேரம் பாதியில் நின்றுவிடுகிறது. லிஸ்டை வைத்து லூப் ஓட்டினால் முதல் மெஷினோடு முடிந்துவிடுகிறது. எங்கே கோட்டை விடுகிறேன்?

---

ராயபுரம்_ரூட்:

தம்பி, நீங்கள் நாலு வேறு கேள்வியை ஒரே கேள்வியாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஃபர்ம்வேர் (போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) செக்யூர் பூட்டை ஆன் என்கிறதா? ஷிம் (ஃபர்ம்வேருக்கும் லினக்ஸுக்கும் நடுவில் ஓடும் சின்ன பூட் புரோகிராம்) அதை மதிக்கிறதா? கெர்னல் அதைப் பார்த்து லாக்டவுனுக்குப் போனதா? மாட்யூல் (டிரைவர் மாதிரி கெர்னலில் ஏறும் துண்டு) ஏறும்போது கையெழுத்து பார்க்கப்படுகிறதா? ஒன்றுக்கு "ஆம்" என்றால் அடுத்ததற்கும் "ஆம்" என்று அர்த்தமில்லை. நாலையும் தனித்தனி வரியாகப் பிரின்ட் செய்யுங்கள்.

முதல் படி. /சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ என்ற டைரக்டரி இருந்தால்தான் மெஷின் யுஈஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருக்கிறது. அதற்குள் ஈஎஃப்ஐவார்ஸ் டைரக்டரியில் "செக்யூர்பூட்-" என்று ஆரம்பிக்கும் பைல் இருக்கும். பெயரின் பின்பாதி 36 எழுத்து நீள அடையாள எண். நட்சத்திரக் குறி போட்டால் போதும். பைலின் அளவு 5 பைட். முதல் 4 பைட் அந்த வேரியபிளின் பண்புகள், ஐந்தாவதுதான் உங்களுக்கு வேண்டிய விடை: 1 என்றால் ஆன், 0 என்றால் ஆஃப். இதை கேட் கமாண்டால் படித்து வேரியபிளில் வைக்காதீர்கள். பாஷ் பூஜ்ய பைட்டை எல்லாம் விழுங்கிவிட்டு ஒரு எச்சரிக்கையைத் துப்பும், மிச்சம் குப்பைதான் வரும். "ஓடி" கமாண்டிடம் 4 பைட்டைத் தாண்டி 1 பைட்டை மட்டும் தசம எண்ணாகக் காட்டச் சொல்லுங்கள். இதற்கு மோக்யூட்டில் இன்ஸ்டால் ஆகியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. பக்கத்திலேயே "செட்டப்மோட்-" பைல் இருக்கும், அதையும் அதே மாதிரி படியுங்கள். அது 1 என்றால் பிளாட்ஃபார்ம் கீயே (செக்யூர் பூட்டின் தலைமைச் சாவி) ஏற்றப்படவில்லை. பூட்டு இருக்கிறது, சாவி இன்னும் போடவில்லை என்ற நிலை.

இரண்டாம் படியில்தான் உங்கள் நாலு மெஷின் மாட்டியிருக்கிறது. யாரோ முன்பு டிரைவர் ஏறவில்லை என்று "மோக்யூட்டில் --டிசேபிள்-வேலிடேஷன்" கொடுத்திருக்கிறார்கள். ஃபர்ம்வேரைப் பொறுத்தவரை செக்யூர் பூட் ஆன். ஷிம் வரை கையெழுத்து பார்க்கிறது. ஷிம்முக்கு அப்புறம் எதுவும் பார்ப்பதில்லை. இந்த நிலையில் மோக்யூட்டில் இரண்டு வரி பிரின்ட் செய்யும்: முதல் வரி "செக்யூர்பூட் எனேபிள்டு", இரண்டாம் வரி "செக்யூர்பூட் வேலிடேஷன் இஸ் டிசேபிள்டு இன் ஷிம்". உங்கள் கிரெப் முதல் வரியைப் பார்த்ததும் திருப்தியாகி வீட்டுக்குப் போய்விடுகிறது. முழு வெளியீட்டையும் வேரியபிளில் எடுத்து, "டிசேபிள்டு இன் ஷிம்" என்பதை முதலில் தேடுங்கள். அது இல்லை என்றால்தான் "எனேபிள்டு" பக்கம் போக வேண்டும்.

கெர்னலும் பூட் ஆகும்போது ஷிம்மின் இந்த அடையாளத்தைப் படிக்கிறது. அது இருந்தால் செக்யூர் பூட் ஆஃப் என்றே கணக்கு வைத்துக்கொள்கிறது. லாக்டவுனுக்கும் போகாது, கையெழுத்தில்லாத மாட்யூலையும் தடுக்காது. உங்கள் 12289 அதற்குச் சாட்சி. 8192 + 4096 + 1. 8192 என்பது கையெழுத்தில்லாத மாட்யூல் ஏறியது, 4096 கெர்னல் மரத்துக்கு வெளியே கட்டிய மாட்யூல், 1 தனியுரிம லைசென்ஸ். ஸ்கிரிப்டில் 12289 என்ற எண்ணோடு ஒப்பிடாதீர்கள், 8192 பிட்டை மட்டும் "அண்ட்" செய்து பாருங்கள். அதே டிரைவர் முறையாகக் கையெழுத்திட்டு ஏறினால் 4097 வரும், அதில் தப்பில்லை. இந்தப் பிட் மாட்யூலை இறக்கினாலும் அழியாது, ரீபூட் ஆனால்தான் போகும்.

மூன்றாம் படி, /சிஸ்/கெர்னல்/செக்யூரிட்டி/லாக்டவுன். இந்தப் பைலில் எப்போதும் மூன்று சொல்லும் இருக்கும்: "நன் [இன்டெக்ரிட்டி] கான்ஃபிடென்ஷியாலிட்டி". சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் நடப்பு நிலை. சும்மா "இன்டெக்ரிட்டி" என்று தேடினால் 26 என்ன, 2600 மெஷினிலும் கிடைக்கும். செட்டிங் போடும் செட் கமாண்டு இல்லை, வரிகளைத் திருத்தும் "எஸ்-ஈ-டி" எடிட்டர் வைத்து அடைப்புக்குள் இருப்பதை மட்டும் உருவி எடுங்கள். பழைய கெர்னல்களில் இந்தப் பைலை ரூட் மட்டும்தான் படிக்க முடியும். படிக்க முடியாததை "ஆஃப்" என்று எழுதிவிடாதீர்கள்.

ஒரு சின்ன விஷயம். லாக்டவுன் 5.4 கெர்னலில்தான் மூல கெர்னலுக்குள் வந்தது. ஆனால் செக்யூர் பூட் ஆன் என்றால் தானாக இன்டெக்ரிட்டிக்குப் போவது உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்றவர்கள் சேர்த்த பேட்ச்சின் வேலை. யாராவது மூல கெர்னலைத் தானே கம்பைல் செய்து போட்டிருந்தால் செக்யூர் பூட் ஆன், லாக்டவுன் நன் என்று வரலாம். அதுவும் உங்கள் ஸ்கிரிப்ட் காட்ட வேண்டிய தப்புதான்.

நாலு மெஷினைச் சரி செய்யும்போது வரிசை முக்கியம். நேராக "--எனேபிள்-வேலிடேஷன்" கொடுத்தால் ரீபூட்டில் அந்த டிஸ்ப்ளே டிரைவர் ஏறாது, "கீ வாஸ் ரிஜெக்டெட் பை சர்வீஸ்" என்று வரும், யார்டில் ஒரு ஆள் கறுப்புத் திரையோடு உட்கார்ந்திருப்பார். முதலில் உபுண்டுவின் "அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --நியூ-கீ" கொண்டு மாட்யூலைக் கையெழுத்திட ஒரு சாவி (மோக் சாவி) உருவாக்குங்கள். /வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக் டைரக்டரியில் வந்து உட்காரும். டிகேஎம்எஸ் (கெர்னலுக்கேற்ப மாட்யூலைக் கட்டும் கருவி) வழியாக டிரைவரை மறுபடி பில்ட் செய்யுங்கள். "மாட்இன்ஃபோ -எஃப் சைனர்" கொடுத்து கையெழுத்து விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு "மோக்யூட்டில் --இம்போர்ட்" கொடுத்து சாவியைப் பதிவு செய்யுங்கள். வேலிடேஷன் கடைசியில்.

இரண்டு வேலைக்கும் ரீபூட்டில் நீலத் திரை வரும், பக்கத்தில் ஆள் இருந்து கீபோர்டில் அடிக்க வேண்டும். எஸ்எஸ்ஹெச்சில் முடியாது. அந்தத் திரை 10 செகண்டில் தானாகத் தாண்டிப் போய்விடும். மணலி வரைக்கும் போய் டீ வாங்கித் திரும்புவதற்குள் மிஸ் ஆகும். முன்கூட்டியே "மோக்யூட்டில் --டைம்அவுட் -1" கொடுத்துவிட்டால் காத்திருக்கும். வேலிடேஷன் மாற்றும்போது பாஸ்வேர்டு 8 முதல் 16 எழுத்து. நீலத் திரை முழு பாஸ்வேர்டைக் கேட்காது, "3-வது எழுத்து என்ன" என்கிற மாதிரி கேட்கும். பேப்பரில் எழுதிக் கையோடு கொண்டுபோவது நல்லது.

---

காசிமேடு_கன்சோல்:

மேலே செக்யூர் பூட் முடிந்தது, நான் ஷெல் பக்கம் மட்டும்.

பாதியில் நிற்பதற்குக் காரணம் நிச்சயமாக "செட் -ஈ". கிரெப் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் 1 திருப்பும், அதைத் தப்பு என்று எடுத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் செத்துவிடும். ஆடிட் ஸ்கிரிப்டில் "கிடைக்கவில்லை" என்பதே ஒரு விடை. அதனால் இந்த வகை ஸ்கிரிப்டுக்கு செட் -ஈ வேண்டாம் என்பது என் கட்சி. "செட் -யு" (மதிப்பு வைக்காத வேரியபிளைத் தொட்டால் நிறுத்தும்) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"பைப்ஃபெயில்" இன்னும் மோசமாகக் காலை வாரும். டிமெசெஜ் (கெர்னல் செய்திகளைக் காட்டும் கமாண்டு) வெளியீட்டைப் பைப் வழியாக "கிரெப் -க்யூ"-வுக்கு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். கிரெப் முதல் பொருத்தம் கிடைத்ததும் வெளியே போய்விடும். டிமெசெஜ் இன்னும் எழுதிக்கொண்டிருந்தால் உடைந்த பைப் சிக்னலில் 141 என்று சாகும். பைப்ஃபெயில் ஆன் என்றால் மொத்த வரியும் தோல்வி. அதாவது தேடியது கிடைத்ததால்தான் "கிடைக்கவில்லை" என்று வருகிறது! பைப் பஃபர் 64 கிலோபைட். லாக் அதற்குள் அடங்கிய மெஷினில் பிரச்சினையே தெரியாது, பெரிய லாக் உள்ள மெஷினில் மட்டும் சில நேரம் வரும். -க்யூ-வை எடுத்துவிட்டு /டெவ்/நல்-க்கு திருப்பினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது. வெளியீடு /டெவ்/நல்-க்குப் போகிறது என்று தெரிந்தால் குனு கிரெப் அப்போதும் முதல் பொருத்தத்திலேயே ஓடிவிடும். "கிரெப் -சி" கொடுத்து எண்ணச் சொல்லுங்கள், கடைசி வரை படித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் முதலில் வேரியபிளில் எடுத்துவிட்டு அதில் தேடுங்கள்.

அதைவிட டிமெசெஜையே தவிர்க்கலாம். அது வட்டமாகச் சுற்றும் பஃபர். பல நாள் ஆன மெஷினில் பூட் நேரத்து வரிகள் தள்ளப்பட்டுப் போயிருக்கும். டிமெசெஜ்_ரெஸ்ட்ரிக்ட் 1 என்றால் ரூட் இல்லாதவருக்குப் படிக்கவே விடாது. "ஜர்னல்சிடிஎல் -கே -பி" உருப்படியானது.

டாக்கர் விஷயம்: டாக்கர் தன் வழக்கமான செட்டிங்கிலேயே /சிஸ்/ஃபர்ம்வேர் டைரக்டரியை மூடி மறைத்துவிடும். உள்ளே இருந்து பார்த்தால் ஈஎஃப்ஐ டைரக்டரி இருக்காது, உடனே உங்கள் ஸ்கிரிப்ட் "பழைய பயாஸ்" என்று தீர்ப்பு எழுதுகிறது. நெட் என்று ஆரம்பிக்கும் சிஸ்சிடிஎல் மதிப்புகளும் பெரும்பாலும் கன்டெய்னருடையதுதான், ஹோஸ்ட்டுடையது இல்லை. ஸ்கிரிப்டின் முதல் வேலையாக "சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் --கன்டெய்னர்" கேளுங்கள். கன்டெய்னர் என்றால் எதையும் சோதிக்காமல் வெளியேறுங்கள்.

வெளியேறும் எண்ணையும் மாற்றுங்கள். 0, 1 போதாது. நாகியோஸ் (மானிட்டரிங் மென்பொருள்) வழக்கம் நல்லது: 0 சரி, 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. பைல் இல்லை, படிக்க அனுமதி இல்லை, கமாண்டு இன்ஸ்டால் ஆகவில்லை, எல்லாம் 3. உங்கள் ஸ்கிரிப்டின் பாதி பொய் இந்த 3 இல்லாததால் வந்தது.

லூப் முதல் மெஷினோடு முடிவது பழைய வியாதி. "ஒயில் ரீட்" லூப்புக்குள் எஸ்எஸ்ஹெச் ஓடினால், லிஸ்டில் மிச்சமிருக்கும் வரிகளையும் அதுவே உள்ளீடாக உறிஞ்சிவிடும். எஸ்எஸ்ஹெச்சுக்கு "-என்" கொடுங்கள். ஸ்கிரிப்டையே உள்ளீடாக அனுப்பி "பாஷ் -எஸ்" என்று ஓட்டுகிறீர்கள் என்றால் -என் போட முடியாது. ஆனால் அப்போது எஸ்எஸ்ஹெச் ஸ்கிரிப்டைத்தான் படிக்கும், லிஸ்டைத் தொடாது. இரண்டையும் கலக்காதீர்கள். சூடோவுக்கும் "-என்" உண்டு, பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு தொங்காமல் உடனே தோற்கும்.

ஸ்கிரிப்டின் மேலே எல்சி_ஆல்=சி ஒரு வரி. யாராவது டெஸ்க்டாப்பை முழுக்கத் தமிழில் வைத்திருந்தால் பிழைச் செய்திகள் வேறு மொழியில் வரும், கிரெப் தேடிக்கொண்டே இருக்கும்.

சிபியு: /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/வல்னரபிலிட்டீஸ் கீழே உள்ள பைல்களில் "வல்னரபிள்" என்று எங்கேயாவது இருந்தால் சிவப்பு என்கிறீர்கள் போல. "மிட்டிகேஷன்: கிளியர் சிபியு பஃபர்ஸ்; எஸ்எம்டி வல்னரபிள்" என்ற வரியும் அதில் மாட்டும். அங்கே தடுப்பு வேலை செய்கிறது, ஹைப்பர்த்ரெடிங் ஆன் ஆக இருப்பதால் ஒரு பகுதி திறந்திருக்கிறது, அவ்வளவுதான். வரியின் தொடக்கத்தில் "வல்னரபிள்" இருந்தால் சிவப்பு, நடுவில் வந்தால் மஞ்சள். /ப்ராக்/சிஎம்டிலைனில் "மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்", "நோகேஏஎஸ்எல்ஆர்" என்று பாதுகாப்பை அணைக்கும் ஆப்ஷன் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேகம் வேண்டும் என்று யூடியூப் பார்த்துச் சேர்த்தவர்கள் உண்டு.

---

மிண்ட்_டெர்மினஸ்:

நன்றி அண்ணா, இருவருக்கும். 1, 2, 3, 4 தீர்ந்தது. நாலு மெஷினிலும் இரண்டாம் வரி "டிசேபிள்டு இன் ஷிம்" தான்.

இப்போது புதிதாக இரண்டு. லாக்டவுன் இன்டெக்ரிட்டி என்று வரும் மெஷினில் /சிஸ்/மாட்யூல்/மாட்யூல்/பாராமீட்டர்ஸ்/சிக்_என்ஃபோர்ஸ் பைல் (மாட்யூலுக்குக் கையெழுத்து கட்டாயமா என்ற செட்டிங்) "என்", அதாவது "இல்லை" என்கிறது. இதைத் தப்பு என்று எடுப்பதா? அடுத்து, கரன்ட் போனால் யுபிஎஸ் சிக்னல் பார்த்து ஹைபர்னேட் ஆகும்படி யார்டில் ஏற்பாடு உண்டு. லாக்டவுன் ஆன் ஆன மெஷினில் அது வேலை செய்யவில்லை.

---

தண்டையார்பேட்டை_டக்ஸ்:

சிக்_என்ஃபோர்ஸ் "என்" என்றால் பயப்பட வேண்டாம். மாட்யூல் ஏறும்போது கையெழுத்து சரியில்லை என்றால், கெர்னல் முதலில் சிக்_என்ஃபோர்ஸைப் பார்க்கும். அது ஆஃப் என்றால் லாக்டவுனைக் கேட்கும். இரண்டில் ஒன்று "கூடாது" என்றாலும் மாட்யூல் ஏறாது. ஆக, ஸ்கிரிப்டில் "சிக்_என்ஃபோர்ஸ் ஒய், அல்லது லாக்டவுன் நன் இல்லை" என்று எழுதுங்கள். லாக்டவுனும் நன், இதுவும் என் என்றால்தான் சிவப்பு.

ஹைபர்னேட்: லாக்டவுன் அதை வேண்டுமென்றே தடுக்கிறது. டிஸ்க்கில் எழுதிய மெமரி பிம்பத்தை யாராவது மாற்றிவிட்டு எழுப்பினால் கையெழுத்து பார்த்ததெல்லாம் வீண் என்பதால். /சிஸ்/பவர்/டிஸ்க் பைலில் "[டிசேபிள்டு]" என்று இருக்கும், /சிஸ்/பவர்/ஸ்டேட்டில் "டிஸ்க்" என்ற சொல் காணாமல் போயிருக்கும். யுபவர் (பவர் நிலையைக் கவனிக்கும் சர்வீஸ்) வழியாக வைத்திருந்தால் அதன் கிரிட்டிக்கல்பவர்ஆக்ஷன் வரியில் ஹைபர்னேட்டை எடுத்து பவர்ஆஃப் என்று போடுங்கள். திறந்திருந்த வேலை போகும், பைல்சிஸ்டம் பிழைக்கும். ஹைபர்னேட்டுக்காக லாக்டவுனைக் கழற்றாதீர்கள்.

இப்போது உங்கள் 5-வது கேள்வி. சிஸ்சிடிஎல்.டி பைல்கள் எந்த டைரக்டரியில் இருந்தாலும், பெயர் வரிசைப்படிதான் ஏறும், ஒரே செட்டிங்கில் கடைசியாக ஏறியது நிற்கும். உபுண்டுவில் "10-கெர்னல்-ஹார்டனிங்.கான்ஃப்" என்ற பைல் கேபிடிஆர்_ரெஸ்ட்ரிக்ட் 1 என்கிறது. உங்கள் 05 முதலில் எழுதியது, 10 வந்து மாற்றியது. 90-க்கு மேல் பெயர் வையுங்கள். "சிஸ்டம்டி-அனலைஸ் கேட்-கான்ஃபிக் சிஸ்சிடிஎல்.டி" கொடுத்தால் ஏறும் வரிசையிலேயே அத்தனை பைலையும் விரித்துக் காட்டும். பைல் பெயர் ".கான்ஃப்" என்று முடியாவிட்டால் படிக்கவே படாது, ".கான்ஃப்.பேக்" என்று முடிவதும் அப்படியே.

ஸ்கிரிப்ட் ஒருபோதும் இந்தப் பைல்களைப் படித்து "சரி" சொல்லக்கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் மதிப்பு /ப்ராக்/சிஸ் கீழே இருக்கிறது, அதைப் படியுங்கள். பைலையும் பார்ப்பதாக இருந்தால், ரீபூட்டுக்குப் பிறகு நிற்குமா என்ற தனிக் கேள்விக்காக மட்டும். /பூட்/கான்ஃபிக் பைலைத் தேடுவோருக்கும் இதே எச்சரிக்கை: "கான்ஃபிக்_மாட்யூல்_சிக்" என்று நங்கூரம் போடாமல் தேடினால், "கான்ஃபிக்_மாட்யூல்_சிக்_ஃபோர்ஸ் இஸ் நாட் செட்" என்ற கமென்ட் வரியும் வந்து விழும். வரித் தொடக்கத்துக்கும் "=ஒய்" முடிவுக்கும் குறி போடுங்கள்.

எல்லாரும் செய்யும் இன்னொரு தப்பு, "எண் பெரிதானால் பாதுகாப்பு அதிகம்" என்று ஒரே ஒப்பீட்டை எல்லாவற்றுக்கும் வைப்பது. கேபிடிஆர்_ரெஸ்ட்ரிக்ட், ரேண்டமைஸ்_விஏ_ஸ்பேஸ் (மெமரி முகவரிகளைக் கலைப்பது, 2 வேண்டும்), யாமா ப்டிரேஸ்_ஸ்கோப் (ஒரு புராசஸ் இன்னொன்றை உள்ளே பார்ப்பதைக் கட்டுப்படுத்துவது) போன்றவற்றுக்கு அது பொருந்தும். பொருந்தாத மூன்றைச் சொல்கிறேன்.

அன்பிரிவிலேஜ்டு_பிபிஎஃப்_டிசேபிள்டு (ரூட் இல்லாதவர் கெர்னலுக்குள் பிபிஎஃப் புரோகிராம் ஓட்டுவதைத் தடுப்பது): 1 என்றால் ரீபூட் வரை ரூட்டாலும் திறக்க முடியாது, 2 என்றால் ரூட் திறக்கலாம். 1 தான் கறார். இரண்டையும் "சரி" என்று ஏற்கலாம், 0 மட்டும் தப்பு.

சூயிட்_டம்பபிள் (கூடுதல் உரிமையோடு ஓடும் புரோகிராம் கிராஷ் ஆனால் மெமரியை எழுதிவைக்கலாமா என்பது): 0 நல்லது, 2 பரவாயில்லை, 1 மோசம். உபுண்டுவில் ஆப்போர்ட் (கிராஷ் அறிக்கை) சர்வீஸ் ஓடினால் 2 ஆக்கிவிடும், நீங்கள் 0 எழுதியிருந்தாலும். ஆப்போர்ட்டை நிறுத்தினால்தான் 0 நிற்கும்.

சிஸ்ஆர்க்யூ (கீபோர்டிலிருந்து கெர்னலுக்கு நேரடி அவசரக் கட்டளை): இது பிட் கூட்டல். 0 என்றால் ஒன்றுமில்லை, 1 என்றால் எல்லாமே திறப்பு, உபுண்டு தரும் 176 என்பது 128 + 32 + 16. ரீபூட், ரீட்-ஒன்லி ரீமவுண்ட், சிங்க் மட்டும். "1-ஐ விட 176 பெரிது" என்று பார்க்கும் ஸ்கிரிப்டைக் கடலில் போடலாம்.

22.04-இன் 5.15 கெர்னலில் ஆப்ஆர்மர்_ரெஸ்ட்ரிக்ட்_அன்பிரிவிலேஜ்டு_யூசர்என்எஸ் (ரூட் இல்லாதவர் தனிச் சூழல் உருவாக்குவதைக் கட்டுப்படுத்துவது) என்ற செட்டிங் கிடையாது, 24.04-இல் 1 என்றே வரும். இல்லாத பைலை "தெரியவில்லை" என்று போடுங்கள்.

---

எண்ணூர்_ஈஎல்எஃப்:

ப்டிரேஸ்_ஸ்கோப் 3, கேஎக்ஸெக்_லோட்_டிசேபிள்டு 1, மாட்யூல்ஸ்_டிசேபிள்டு 1 என்று மூன்றையும் எல்லா மெஷினிலும் போட்டுவிட்டால் பாதி செக் தேவையே இல்லையே?

---

தண்டையார்பேட்டை_டக்ஸ்:

மூன்றுமே ஒருவழிப் பாதை, ரீபூட் இல்லாமல் திரும்ப வராது. ப்டிரேஸ்_ஸ்கோப் 3 என்றால் ரூட்டுக்கும் ஜிடிபி, எஸ்ட்ரேஸ் என்ற டீபக் கருவிகள் ஓடும் புராசஸில் ஒட்டாது. ஆபீஸ் டெஸ்க்டாப்புக்கு 1 போதும், வேண்டுமானால் 2. கேஎக்ஸெக்கை (ஓடும்போதே வேறு கெர்னலை ஏற்றும் வசதி), கேடம்ப் (கிராஷ் பதிவு எடுக்கும் கருவி) தன் கிராஷ் கெர்னலை ஏற்றுவதற்கு முன்பே அடைத்தால் கேடம்ப் போச்சு. மாட்யூல்ஸ்_டிசேபிள்டு அதற்கும் மேல். பூட்டில் அதைப் போட்ட பிறகு யாராவது புது யுஎஸ்பி பிரின்டரோ பென்டிரைவோ செருகினால், அதுவரை ஏறாத டிரைவர் ஏறவே ஏறாது. யார்டு ஆபீஸில் பில் பிரின்டர் மாட்டுகிற நாளில் உங்களுக்குத்தான் போன் வரும். சர்வருக்கு ஓகே, டெஸ்க்டாப்புக்கு வேண்டாம்.

---

ராயபுரம்_ரூட்:

இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் போர்டு என்றதால் சொல்கிறேன்.

"மோக்யூட்டில் --பிகே" கொடுத்து பிளாட்ஃபார்ம் கீயின் பெயரைப் பாருங்கள். அதில் "டூ நாட் டிரஸ்ட்" அல்லது "டூ நாட் ஷிப்" என்று இருந்தால் அது ஃபர்ம்வேர் தயாரிப்பவர்களுக்குக் கொடுத்த டெஸ்ட் சாவி, விற்பனை மெஷினிலேயே தங்கிவிட்டது. அப்படிப்பட்ட ஒரு சாவியின் ரகசியப் பாதி வெளியில் கசிந்த விஷயம் 2024 ஜூலையில் பிகேஃபெயில் என்ற பெயரில் வெளிவந்தது. அந்த மெஷினில் செக்யூர் பூட் ஆன் என்றாலும் அர்த்தமில்லை. புது ஃபர்ம்வேர் போட வேண்டும், இல்லையென்றால் பிகே-யை நீங்களே மாற்ற வேண்டும். ஸ்கிரிப்டில் ஒரே வரி செக், கட்டாயம் சேருங்கள்.

அடுத்து "மோக்யூட்டில் --டிபி" (டிபி என்பது ஃபர்ம்வேர் நம்பும் சான்றிதழ்களின் பட்டியல்). லினக்ஸ் ஷிம்மை இதுவரை ஃபர்ம்வேர் நம்பியது மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன் யுஈஎஃப்ஐ சிஏ 2011 சான்றிதழை வைத்து. அதன் காலம் 2026 ஜூன் வரை. ஃபர்ம்வேர்கள் பொதுவாக பூட்டில் காலாவதி தேதியைப் பார்ப்பதில்லை, அதனால் பழைய ஷிம் அன்று ராவோடு ராவாக நின்றுபோகாது. ஆனால் 2023 சான்றிதழால் மட்டும் கையெழுத்திட்ட ஷிம், அந்தச் சான்றிதழ் டிபி-யில் இல்லாத மெஷினில் பூட் ஆகாது. "மைக்ரோசாஃப்ட் யுஈஎஃப்ஐ சிஏ 2023" என்ற பெயர் இருக்கிறதா என்று தேடி, இல்லாதவற்றை மஞ்சளில் போடுங்கள்.

யார்டில் சிஆர்2032 பேட்டரி செத்த மெஷின் இருந்தால் அதையும் கவனியுங்கள். சில போர்டுகள் பேட்டரி போனதும் பழைய டிஃபால்ட்டுக்குத் திரும்பும். செக்யூர் பூட் ஆஃப், சிஎஸ்எம் (பழைய பயாஸ் முறை) ஆன். நேற்று பச்சை, இன்று சிவப்பு என்றால் யாரையும் திட்டுவதற்கு முன் தேதியைப் பாருங்கள். கடிகாரம் பல வருஷம் பின்னால் போயிருந்தால், ஏபிடி அப்டேட்டும் "ரிலீஸ் பைல் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்கிற பாணியில் அழும்.

ஷெல் ஸ்கிரிப்டால் பிடிக்கவே முடியாத ஒன்றும் உண்டு. சில போர்டுகளின் ஃபர்ம்வேர் மெனுவில், கையெழுத்து தவறினால் என்ன செய்வது என்று தனி ஆப்ஷன் இருக்கும். அது "ஆல்வேஸ் எக்ஸிக்யூட்" என்று இருந்தால் ஐந்தாம் பைட் 1, மோக்யூட்டில் எனேபிள்டு, லாக்டவுன் இன்டெக்ரிட்டி, எல்லாம் பச்சை. ஆனால் ஃபர்ம்வேர் எந்த பைலையும் ஓட்டும். ஒரு போர்டு வரிசையில் அதுவே டிஃபால்ட்டாக வந்தது 2023 தொடக்கத்தில் அம்பலமானது. ஒரே வழி: கையெழுத்தில்லாத ஈஎஃப்ஐ பைல் ஒன்றை எஃப்ஏடி32 பென்டிரைவில் ஈஎஃப்ஐ/பூட் டைரக்டரியில் வைத்து பூட் செய்து பார்ப்பது. மறுத்தால் நல்ல போர்டு. மெஷினுக்கு ஒருமுறை போதும், ஃபர்ம்வேர் அப்டேட் செய்தால் மறுபடி ஒருமுறை.

---

மிண்ட்_டெர்மினஸ்:

மாற்றி எழுதி ஓட்டினேன். 26-இல் 17 பச்சை, 4 ஷிம் வேலிடேஷன் ஆஃப், 2 மஞ்சள் (2023 சான்றிதழ் இல்லை), 1 பிகே-யில் "டூ நாட் டிரஸ்ட்", 2 தெரியவில்லை. அந்த இரண்டிலும் சூடோ பாஸ்வேர்டு கேட்கிறது, -என் போட்டதால் தொங்காமல் 3 திருப்பியது.

அந்த நாலில் மணலியில் இருக்கும் மூன்றுக்கு டைம்அவுட் -1 கொடுத்தாகிவிட்டது. பென்டிரைவும் ரெடி. ஒரு சந்தேகம்: மூன்றுக்கும் ஒரே மோக் சாவியை உபயோகிக்கலாமா, தனித்தனியா?

---

ராயபுரம்_ரூட்:

தனித்தனி. ரகசியச் சாவி அந்தந்த மெஷின் டிஸ்க்கிலேயே இருக்கிறது. ஒரு மெஷினில் ரூட் பிடித்தவன் அதைக் கொண்டு மற்ற இரண்டுக்கும் செல்லுபடியாகும் மாட்யூலைக் கையெழுத்திட முடியும். பொதுச் சாவிதான் வேண்டும் என்றால் ரகசியப் பாதியை மூன்றிலும் வைக்காமல், மாட்யூலை வேறொரு மெஷினில் பில்ட் செய்து கையெழுத்திட்டு அனுப்புங்கள். மூன்றே மெஷினுக்கு அந்த மெனக்கெடல் எதற்கு. சாவி பைலின் அனுமதி 600, ஓனர் ரூட் என்று இருக்கிறதா என்பதையும் ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.